எசென்குல்லின் நான்கு நிமிட ஆசி

தேநீர் ஆறிப்போனால் எனக்குப் பேச்சு வராது. இது சூடாகத்தான் இருக்கிறது, சொல்கிறேன்.

நாரின் என்ற எங்கள் மலையூரில் பகலில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பேன். மாலையில் கல்யாண விருந்துகளை நடத்திக் கொடுப்பேன். யார் எப்போது எழுந்து வாழ்த்த வேண்டும் என்பது என் கையில். சோல்போனாயின் கல்யாணத்தில் அவள் அப்பா எசென்குல் இரு கைகளையும் விரித்து ஆசி கூற எழுந்தார். அரை மணி நேரமாகியும் உட்காரவில்லை. ஆட்டிறைச்சி ஆறிக்கொண்டிருந்தது. "இந்தக் கிழம் செத்தாத்தான் வாய மூடும்" என்று முணுமுணுத்தேன். கேமராக்காரர் என் சட்டையில் குத்திவிட்டிருந்த மைக்கை மறந்தே போனேன்.

பதினேழாம் நாள் எசென்குல் இறந்துவிட்டார். அவர் இறந்த நாற்பதாம் நாள் நினைவு விருந்தில் அந்த ஆசியை எல்லாருக்கும் போட்டுக் காட்ட மகளுக்கு ஆசை. கேமராக்காரர் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து, தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டு, பிழைக்க ரஷ்யா போய்விட்டார். விருந்துக்கு முதல் நாள் காலை அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, டிஸ்க்க சொருகினா ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது. பயமா இருக்கு. எங்கப்பா குரல் இதுல மட்டுந்தான் இருக்கு."

"எதையும் தொடாதம்மா. நான் வரேன்."

பார்த்ததுமே புரிந்தது. டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. அது மேக் கம்ப்யூட்டருக்காக ஃபார்மட் செய்தது; அவள் வீட்டு விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். தெருமுனையில் இருக்கும் கணக்கு வாத்தியாரிடம் மேக் இருக்கிறது. பத்து நிமிட வேலை. ஆனால் நான் முணுமுணுத்ததும் சேர்ந்து கேட்கும். என் நாக்குதான் அவரைக் கொன்றது என்பார்கள். அப்புறம் எவன் என்னை விருந்துக்கு அழைப்பான்?

'சரி' என்பதை அழுத்தினேன். மேலோட்டமாக அழித்தால் கெட்டிக்காரன் எவனாவது மீட்டுவிடுவான். ஆகவே முழுமையாக அழிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து மணி நேரம் பிடித்தது. அவள் சுடச்சுட போர்சோக் மாவுப் பணியாரம் பொரித்து வெண்ணெயோடு வைத்தாள். வெண்ணெய் அருமை.

"வந்துருமாண்ணே?"

"டிஸ்க்கே போயிருச்சும்மா. மட்டமான சரக்கு."

அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

மறுநாள் எசென்குல்லின் ஆசியை என் குரலில் நானே சொன்னேன். ஞாபகத்தில் இருந்தது கொஞ்சம், கைச்சரக்கு மீதி. நாலே நிமிடம். சபையே அழுதது. சோல்போனாய் அதைப் போனில் பதிவு செய்து தினமும் கேட்கிறாளாம். அப்பா பேசுவது போலவே இருக்கிறதாம். நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு நான் என்ன குறை வைத்தேன்?