ரத்தம் கேட்டு வந்த போன்

பேருந்து சின்ன காஞ்சிபுரத்தில் நெரிசலில் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் போனில் சொன்னார்: "ரத்தமா? நான் தென்னேரில இருக்கேன்பா. இப்ப வர முடியாது."

பக்கத்தில் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தாள். "காஞ்சிபுரத்துல உக்காந்துகினு தென்னேரின்னு ஏன் பொய் சொல்றீங்க? யாருக்காம்?"

"கூட தறி நெய்யறவரு பொண்ணுக்கு. ஆபரேஷனாம்."

"என் பிரசவத்துக்கு முன்னபின்ன தெரியாத ஒருத்தரு வந்து ரத்தம் குடுத்தாரே. அவரும் இப்படிச் சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அவர் தலைகுனிந்தார். பேருந்து நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஊசின்னா பயம்மா. ஆம்பள, இத எப்பிடி வெளிய சொல்றது?"

"எங்கிட்ட சொல்லலாமில்ல? எழுந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஊசி போடறப்ப நான் கையப் புடிச்சுக்கறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் முன்னால் நடந்தவர் அவர்தான்.