எத்தனை முறை உப்பு பார்ப்பது?

என் மனைவி காலையில் அடுப்படியில் நின்று திரும்பத் திரும்ப உப்பு பார்ப்பதை, என் நாக்கின்மேல் அவளுக்கு இருந்த அக்கறை என்று நம்பிய முட்டாள் நான். எழுபதுகளில் ஒருநாள் ஸ்ரீபெரும்புதூரில் பூந்தமல்லி பஸ் ஏறியபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் ஆஸ்பத்திரி மருந்து பாட்டில். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் முன்னால் அனுப்பினேன்.

“காலையில துன்றதே இல்லக்கா, அப்பவும் குண்டாயிக்கினே போறேன்” என்றாள் பாட்டில்காரி.

“டாக்டரம்மா இன்னா சொல்லிச்சி?”

“வெறும் டீய குடிச்சிட்டு மத்தியானம் மொத்தமா துன்னா, இந்த வயசுல ஒடம்பு தாங்காதாம். எழுந்ததும் எதுனா சாப்புடணுமாம். இல்லன்னா மறுபடியும் கெணத்தாண்ட மயங்கி வுழுவேனாம்.”

“அப்ப துன்னுடி.”

“அவரு துன்றதுக்கு முன்னாடியா? மாமியா கண்ணு முன்னாலயா?”

“கூழு எறக்கினதும், உப்பு பாக்குறேன்னு சொல்லி ஒரு கிண்ணம் குடி.”

“உப்பு பாக்க ஒரு கிண்ணமான்னு கேப்பாங்களே?”

“சரியா தெரியலன்னு இன்னொரு கிண்ணம் குடி. நான் அப்பிடித்தான் வுழாம கீறேன்.”

பாட்டில்காரி பென்னலூரில் இறங்கும்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் மனைவியிடம் கேட்டேன்: “காலைல பொங்கலுக்கு எத்தினி தடவ உப்பு பாத்தே?”

“வயிறு ரொம்புற வரைக்கும்.”