பனியும் பானியும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள், இப்போதுதான் எழுதப் பழகுகிறேன். கேரளத்து ஏலப்பாறை பஸ்ஸில் முன்சீட்டில் கேட்ட பேச்சு இது. ஜார்க்கண்டிலிருந்து தேயிலைக் கொழுந்து கிள்ள வந்த ஒரு தாய், மகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி ஆயாவிடம் சொன்னாள்.

"அக்கா, பாப்பா இனி வராது. பானி கேட்டா வீட்டுக்கு அனுப்புற."

"பானின்னா உங்க பாஷையில தண்ணியா தாயி? மலையாளத்துல பனின்னா காய்ச்சல்லா. அதான் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு அனுப்பிட்டேன்."

"தண்ணி இல்லாம அழுதுச்சு."

"தப்புதான். நாளைக்குக் கூட்டிட்டு வா. உங்க வார்த்தையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடு, அங்க எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும்."

ஆயா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "பானி" என்றாள்.

குழந்தை வாங்கிக்கொண்டு, "தண்ணி" என்றது.

தாய் தலை நிமிர்ந்து பஸ் முழுவதையும் பார்த்தாள். "நாளைக்கு வரும்" என்றாள்.

பேத்தி, இதை எனக்கு வாசித்துக் காட்டு. பானிக்குத் துணைக்கால் போட்டிருக்கிறேனா பார்.