ரயில் அவருடையது, ரோடு இவருடையது

...அரசியல் சட்டத்துல பட்டியல், பிரிவுன்னு நான் ஆரம்பிச்சதும் பின்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விடுறது இங்கிருந்தே தெரியுது! சரி, சட்டப் புத்தகத்தை மூடி வச்சுடுறேன். எங்க ஊர் ரயில்வே கேட்டுல நடந்ததைச் சொல்றேன்... சின்னக் கதைதான், கேளுங்க.

எண்பதுகள்ல எங்க ஊரை ரெண்டா வகுந்துகிட்டு ரயில் பாதை போகும். மேற்கே வீடுங்க, கிழக்கே ஆஸ்பத்திரி. கேட் விழுந்தா ஊரே இறங்கி நிக்கும். வேர்க்கடலை வரும், வெள்ளரிப்பிஞ்சு வரும். பேச்சு விட்டுப்போன பங்காளிங்க அங்க நின்னு நின்னே ராசியாகியிருக்காங்க! அந்த மனுஷங்க முகமெல்லாம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது எனக்கு...

அங்க மேம்பாலம் கட்ட முடிவாச்சு. தண்டவாளத்துக்கு மேல உள்ள பகுதி ரயில்வே வேலை. ரெண்டு பக்கமும் ஏறி இறங்குற பகுதி மாநில நெடுஞ்சாலைத்துறை வேலை. ரயில்வே தன் பகுதியைக் கட்டிடுச்சு. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. அந்தரத்துல நிக்குது பாலம்! காக்கா மட்டும் போய் வரும்.

ரயில்வே இன்ஜினீயர் தணிகாசலம். நெடுஞ்சாலைத்துறை இன்ஜினீயர் ஞானசுந்தரி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்ததே இல்லை. கடிதத்துலயே சண்டை. 'நாங்க மத்திய சர்க்கார், நீங்கதான் வந்து பார்க்கணும்'னு அவர். 'ரோடு எங்களுது, நீங்க உத்தரவு போடாதீங்க'ன்னு இந்தம்மா. வருஷம் ஓடுது... பாலம் நிக்குது.

ஒருநாள் மத்தியானம். கேட் மூடியிருக்கு. சிக்னல் கிடைக்காம சரக்கு ரயில் குறுக்க நின்னுடுச்சு. மேற்குப் பக்கம் ஆட்டோவுல முப்பிடாதி, நிறைமாசக்காரி. வலி எடுத்துடுச்சு. புருஷன் சுடலைமுத்து கதறுறான்.

'ஐயா... பனிக்குடம் உடைஞ்சு போச்சுய்யா! யாராவது வழி சொல்லுங்கய்யா!'

அன்னைக்குன்னு பாலத்தைப் பார்க்க வந்த தணிகாசலம் பக்கத்துலதான் நிக்கிறார். ரயிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பொம்பளைக் குரல்.

'இங்க ஜீப் இருக்கு! அவங்களை இந்தப் பக்கம் கொண்டாந்துடுங்க!'

'எப்படிம்மா?'ன்னார் தணிகாசலம். 'தூக்கிட்டு வரும்போது வண்டி கிளம்பிட்டா?'

'நீங்க யாரு சார்?'

'ரயில்வே இன்ஜினீயர்!'

'அப்ப வண்டி கிளம்பாம நீங்க பார்த்துக்கோங்க! நான் ஹைவேஸ்... ரோட்டை நான் பார்த்துக்குறேன்!'

தணிகாசலம் ஓடினார் பாருங்க... செருப்பு ஒரு பக்கம் கழண்டு போச்சு. என்ஜின்ல ஏறி, 'நான் கை காட்டுற வரைக்கும் சக்கரம் அசையக் கூடாது'ன்னார். டீக்கடை பெஞ்சுல முப்பிடாதியைப் படுக்க வச்சு, ரெண்டு பெட்டிக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சு, கேட்டுல நின்ன நாங்கதான் தூக்கிட்டுப் போனோம். பெஞ்சோட ஒரு கால் என் தோள்ல. அந்தம்மா ஜீப்பை விட்ட வேகத்துல கடைக்காரங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க.

சாயங்காலம் தணிகாசலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். வாசல்ல அந்தம்மா நிக்குது.

'நீங்கதானா ஞானசுந்தரி? கடிதத்துல கடிக்கிற ஞானசுந்தரி?'

'நீங்கதானா தணிகாசலம்? மத்திய சர்க்கார் தணிகாசலம்?'

ரெண்டு பேரும் சிரிக்கலை. அந்தம்மா மெதுவா கேட்டாங்க. 'சார், என்னால ரயிலை நிறுத்த முடியாது. உங்களால இந்தப் பக்கம் வந்து ஜீப்பை எடுத்திருக்க முடியாது. இதுல யார் சார் பெரியவங்க?'

மறுநாள் காலையில தணிகாசலம் தானே அவங்க ஆபீஸ் படியேறிப் போய், 'வாங்கம்மா, சேர்ந்து அளந்துடுவோம்'னார். பாலம் வந்துச்சு. திறந்த அன்னைக்கு முதல் பஸ் ஏறும்போது ஊரே விசில் அடிச்சுது... ஆஹா, அது ஒரு காலம்!

இப்ப சொல்லுங்க. ரயில் மத்தியப் பட்டியல்ல இருக்கு. ரோடு, ஆஸ்பத்திரி மாநிலப் பட்டியல்ல இருக்கு. பிரிச்சது தப்பா? தப்பே இல்லை! தணிகாசலம் அதிகாரத்தை ஞானசுந்தரிகிட்ட கேட்டு வாங்கலை. ஞானசுந்தரி அதிகாரம் தணிகாசலம் போட்ட பிச்சையும் இல்லை. ரெண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தது ஒரே அரசியல் சட்டம். அது போட்டது கோடு. அதைச் சுவராக்குனது யாரு? நாமதான்!

அந்தச் சட்டத்தோட முதல் வார்த்தைங்க என்ன? சொல்லுங்க பார்ப்போம்... 'இந்திய மக்களாகிய நாம்'. அந்த 'நாம்' யாருன்னு நினைக்கிறீங்க? டெல்லியா? சென்னையா?

பெஞ்சுல படுத்துக்கிட்டுப் போனாளே... அவய்யா!