ஒரே பக்கெட்

எனக்கு மீன் சாப்பிடப் பிடிக்காது, மேடம். அந்த வாடையே ஒத்துக்கொள்வதில்லை. வளர்ப்பது வேறு விஷயம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது மண்ணூர்பேட்டைச் சாக்கடையில் ஒரு வலை நிறைய கப்பி மீன் பிடித்தேன். கொசுப்புழுவைத் தின்பதற்காக யாரோ விட்ட பொடி மீன்கள். இரண்டு தொட்டிகளில் பிரித்துப் போட்டேன். ஒன்றில் ராஜ வாழ்க்கை. மற்றதில் அவ்வப்போது ஒரு விரால் குஞ்சை விடுவேன். பளபளப்பாக இருப்பவனைத்தான் விரால் முதலில் தின்னும். கப்பி மாதாமாதம் குட்டி போடுகிற ஜாதி, தலைமுறைகள் மளமளவென்று ஓடின. நான் எம்.எஸ்சி. விலங்கியலுக்கு வந்தபோது முதல் தொட்டியில் எல்லோரும் கல்யாண மாப்பிள்ளைகள். இரண்டாவதில் எல்லோரும் நிறம் செத்த குமாஸ்தாக்கள்.

ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிரித்து நெடுங்காலம் கலக்கவிடாமல் வைத்தால், பிறகு கலந்தாலும் வாரிசு தங்காது. அன்றைக்கு அவை இரண்டு இனம். கடலும் மலையும் லட்சம் வருஷத்தில் செய்கிற வேலையை நான் கொரட்டூரில், தரைத்தள வாடகை வீட்டில் செய்துகொண்டிருந்தேன். கூடத் தங்கியிருந்த ஜஸ்டினுக்கு ஒரே விதி சொல்லியிருந்தேன்: இரண்டையும் சேர்க்காதே. தண்ணீர் மாற்றும்போதுகூடத் தனித்தனி வலைதான் எடுப்பான்.

"பாவம்டா மச்சான். அண்ணன் தம்பிங்களப் பிரிச்சி வெச்சிகினு கீறியே, உனுக்கு மன்சே இல்லியா?" என்பான். ஆனால் விதியை மீறியதில்லை.

புயலன்று கொரட்டூர் ஏரி உடைந்து வீட்டுக்குள் வந்தது. நான் லேப்டாப்பையும் சான்றிதழ்களையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். மீனுக்காக இறங்கியவன் ஜஸ்டின். அவனுக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவுத் தண்ணீரில் பச்சை பக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தான்.

"மாமே, ஒண்ணுகூட சாவல. தொட்டி ரெண்டும் முழுகப் பாத்துச்சு. அல்லாத்தியும் அள்ளிகினு வந்துட்டேன்."

"ஒரே பக்கெட்லயா?"

"பின்ன, ஆளுக்கொரு ரூம் போடுவாங்களா? பாரு, எப்டி ஒண்ணா கீதுங்க."

பார்த்தேன். ஒரு மாப்பிள்ளை ஒரு குமாஸ்தா வீட்டுப் பெண்ணைச் சுற்றி வாலை விரித்துக்கொண்டிருந்தான்.

கவிழக் கூடாதே என்று பக்கெட்டை வாங்கி இரண்டு படி மேலே வைத்தேன். படியோரம் கிடந்த, மாடிக்கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கருங்கல்லை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். சிரித்துக்கொண்டேதான் விழுந்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான். இரண்டாவது அடியில் மூக்கு உள்ளே போயிற்று. முடியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தி, முதுகில் ஏறி உட்கார்ந்தேன். அவன் கை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். வெள்ளத்தில் போய்விட்டான் என்று எல்லோரும் நம்பினார்கள், உங்கள் பிரேதப் பரிசோதனை டாக்டரைத் தவிர.

பக்கெட்டில் இப்போது குட்டிகள் நீந்துவதாகச் சொல்கிறீர்கள். "அப்ப ரெண்டும் ஒரே இனந்தானே தம்பி, அந்தப் புள்ள எதுக்குச் செத்தான்?" என்று கேட்கிறீர்கள்.

அவசரப்படக் கூடாது, மேடம். பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைக்கும். அவை பழைய தொட்டிக் குட்டிகளாக இருக்கலாம். கலப்புக் குட்டிகளே என்றாலும், அவை வளர்ந்து குட்டி போடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஜஸ்டினைக் காரணமில்லாமல் கொன்றேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பக்கெட்டை வெயிலில் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். அதெல்லாம் ஜஸ்டின்தான் பார்த்துக்கொள்வான்.