நூறு வயதுக் குழந்தை

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் ரயிலேறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

"2030ல பொறக்கிற குழந்தைக்கு நூறு வயசுன்னு கிளினிக்குக்கு நான் எழுதின கம்ப்யூட்டர் புரோகிராம் சொல்லும்," என்றார் மூத்தவர்.

"என்னக்கா சொல்றீங்க?"

"அப்பல்லாம் வருஷத்துக்குக் கடைசி ரெண்டு எண்தான் போடுவோம். 2000 வந்தப்ப, முப்பதோ அதுக்கு மேலயோ இருந்தா பழைய நூற்றாண்டு, கீழ இருந்தா புதுசுன்னு ஒரு வரி எழுதிச் சமாளிச்சேன். 2030க்குள்ள கிளினிக்ல வேற சிஸ்டம் வாங்கிடுவாங்கன்னு நெனச்சேன். இன்னும் அதேதான் ஓடுது."

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, விடுங்க லா."

"வயச வச்சுத்தான் அது மருந்து அளவு போடுது."

அவர் கைப்பேசியை எடுப்பதும் பைக்குள் வைப்பதுமாக இருந்தார். தோ பாயோவில் கதவு திறந்ததும் இளையவர் எழுந்தார்.

"வீடு வந்துருச்சு, இறங்கலையா?"

"கிளினிக் செம்பவாங்ல இருக்கு. நேர்ல போய் என் தப்புன்னு சொல்லிட்டு வந்துடறேன்."