சன்னது போன வக்கீல்

நெய்யாற்றின்கரையிலிருந்து வெள்ளறடை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் குடையை வைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்:

"ஜெயில் சிட்ச கிடைச்ச பெறவுதான் எனக்க வக்கீலு உருப்படியா ஒரு வேல பாத்தாரு, மக்கா."

"ஆரு, சொந்த வேலித் தகராறுல பக்கத்து வீட்டுக்காரன வெட்டின வக்கீலா அக்கா?"

"அவரு ஆக்கும். அப்பீல் போட்டு ஜாமீன்ல வெளிய உண்டு."

"அவருக்க சன்னத பிடுங்கியாச்சே! இனி கோர்ட்டுல வாதாட முடியாதே. பின்ன உங்க வேலி கேசு?"

"கேசு அங்கேயே கெடக்கு. வேலிதான் நகந்தாச்சு."

"அதெப்படி?"

"கோர்ட்டுல இவரு இங்கிலீசுல முழங்கினப்பம், எனக்க எடத்துல வேலி போட்ட வடக்கு வீட்டுக்காரன் கொட்டாவி விட்டான். போன வாரம் கேசுக்கட்டத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாரு. முற்றத்துல இருந்து சாயா குடிச்சாரு. வேலியப் பாத்து, 'இதாக்குமா அந்த வேலி?'ன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான். மறுநாள் காலம்பற வடக்கு வீட்டுக்காரன் அவனே வேலியப் பிடுங்கி, பின்னால தள்ளி நட்டுகிட்டிருக்கான்."

இளையவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்பம் செயிச்சாச்சு!"

"செயிச்சாச்சு. ஆனா எனக்க சாயா அவருக்குப் பிடிச்சுப் போச்சு. இப்பம் தெனமும் வாறாரு."

"இனி வரண்டாம்னு சொல்லுங்க அக்கா."

மூத்தவர் குடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீ வந்து சொல்லு மக்கா."